அறுபதுக்குப் பிறகும் விடிய எழும்பிப் போக ஒரு காரணத்தை உண்டாக்கிறது எப்பிடி: வன்னியில இருக்கிற எங்கட பெரியாக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பென்சன் எடுத்த முதல் திங்கக்கிழமை விடிய நாலரைக்கே முழிப்பு வந்திட்டுது. முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடம் போன உடம்பு, அது தன்ரபாட்டில எழும்பி அடுப்பு மூட்டி தேத்தண்ணி வச்சு கிணத்தடிக்குப் போய் முழுகியும் போட்டுது, பிறகுதான் எங்க போறதெண்டு யோசிச்சன். எங்கட வளவு விசுவமடுப் பக்கம். ரோட்டால வெள்ளை உடுப்போட பிள்ளையள் போகுதுகள், நான் படலையைப் பிடிச்சபடி நிண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அண்டைக்கு அழேல்லை. அழுதது மூண்டு மாசம் கழிச்சு, ஒரு நாள் முழுக்க ஒரு மனிசரோடயும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை எண்டு இரவு பாயில படுத்த பிறகு விளங்கேக்கதான்.

இதை எழுதுறது அப்பிடிப் படலையடியில நிக்கிற ஆக்களுக்கு. அம்மாவை, அப்பாவை அந்த நிலையில பாத்துக்கொண்டு என்ன செய்யிறதெண்டு தெரியாமல் இருக்கிற பிள்ளையளுக்கும்தான்.

முதலே ஒண்டைச் சொல்லிப்போடுறன். உங்களுக்கு எது பிடிக்கும் எண்டு தேடுங்கோ, அதைச் செய்யுங்கோ எண்டு கனபேர் சொல்லுவினம், அது எங்களுக்குப் பெரிசா உதவாது, ஏனெண்டா எங்கட காலத்தில பிடிச்சது பிடிக்காதது எண்டு பாத்து ஒண்டும் செய்யேல்லை, தேவையெண்டதைத்தான் செய்தனாங்கள். வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சா யோசனைதான் வளரும். நான் கண்டது இதுதான்: கிழமையில ஒரு நாள், ஒரு இடத்தில, நீங்கள் போகேல்லை எண்டா "ஏன் இண்டைக்கு ரீச்சரைக் காணேல்லை, சுகமில்லையோ" எண்டு கேக்க ஒரு ஆள் இருக்கோணும். அந்த ஒரு ஆளை உண்டாக்கிறதுதான் முழு வேலையும். கீழ எழுதியிருக்கிறது எல்லாம் அதுக்குப் போற பாதை.

முதல்ல காதும் கண்ணும்

இதை விட்டிட்டு மற்றதுகளைத் தொடங்கினா ஒண்டும் நடக்காது. எங்கட பக்கத்து வளவில ஒரு ஆச்சி, எழுபத்தெட்டு வயசு. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கிறேல்லை, கேட்டதுக்கு வேற மறுமொழி, கோயிலுக்குப் போறதையும் விட்டிட்டா. சனம் எல்லாம் ஆச்சிக்கு மறதி வந்திட்டுது எண்டு முடிவு கட்டிட்டுது. மகள் ஒருமாதிரிப் பிடிச்சு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டினா, பிரச்சினை காதில. காது மிசின் போட்டு ரெண்டு கிழமையால ஆச்சி வேலிக்கு மேலால என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, உங்கட வீட்டு றேடியோ இவ்வளவு சத்தமே" எண்டு கேட்டா. எனக்கு அண்டைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லேலாது.

மறதி நோய்க்கு, நாங்கள் கவனிச்சாக் குறைக்கக்கூடிய காரணங்கள் எவை எண்டு லான்செட் எண்ட மருத்துவ இதழின்ர ஆணைக்குழு 2024ல ஒரு அறிக்கை விட்டது. அதில 14 காரணம் இருக்கு. காது கேளாமை, கண் பார்வை குறையிறது, தனிச்சுப்போறது மூண்டும் அந்தப் பதினாலுக்குள்ள வருது. மூண்டும் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கிறதை நாங்கள் வீட்டிலயே பாக்கிறம், கேக்காட்டிக் கதைக்க வெக்கம், கதைக்காட்டி ஒருத்தரும் வராயினம், ஒருத்தரும் வராட்டி மனிசர் மூலையில குந்திவிடும். அதால கண்ணில வெள்ளை படர்ந்திருக்கோ எண்டு காட்டுங்கோ, காதைக் காட்டுங்கோ. பல்லில்லாமல் சாப்பிடக் கூச்சப்பட்டு கலியாணவீடு, அந்தியேட்டிக்குப் போகாமல் நிக்கிற ஆக்களும் இருக்கினம், அதுவும் சின்ன விஷயமில்லை.

நடக்கிறதும் வேணும். 65 வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்கும் கிழமைக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையோணும், மூண்டு நாளாவது விழாமல் நிக்கிறதுக்கான பயிற்சி வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நாளுக்கு இருபது இருபத்தைஞ்சு நிமிஷம்தான் வருது. வாய்க்கால் கட்டால விடிய வெயிலுக்கு முன்னம் நடவுங்கோ, பிறகு திண்ணைத் தூணைப் பிடிச்சுக்கொண்டு ஒத்தைக் காலில கொஞ்சம் நிண்டு பழகுங்கோ. ஆடி ஆவணியில கச்சான் காத்து அனலா அடிக்கேக்க எட்டு மணிக்குப் பிறகு வெளிக்கிட வேண்டாம், யானை வாற ஊர் எண்டா விடியாத இருட்டிலயும் வேண்டாம். பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுற ஆக்கள் புதுசா எதையும் தொடங்க முன்னம் கிளினிக்கில டொக்டரிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ.

துக்கத்தை விட்டிட்டு ஓடாதேங்கோ

வேற ஊருக்கு எழுதினா இந்தப் பகுதி தேவையில்லாமல் இருக்கலாம். வன்னியில இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லேலாது. 2009ல சண்டைக்குள்ளால எல்லாத்தையும் விட்டிட்டு வந்து, செட்டிகுளம் முகாமுக்குள்ள இருந்து, பிறகு தகரக் கொட்டிலில தொடங்கி, பத்தை வெட்டி, கிணறு இறைச்சு, பிள்ளையைப் படிப்பிச்சு, வீட்டுத்திட்ட வீட்டுக்குக் கல்லுச் சுமந்து, இப்பிடியே ஓடின சனம் நாங்கள். ஓடேக்க அழ நேரமில்லை. வேலை எல்லாம் முடிஞ்சு கதிரையில இருந்தவுடனதான் எல்லாம் திரும்பி வருது. கன பெரியாக்கள் "எனக்கு இனி என்ன கிடக்கு" எண்டு சொல்லுறது சோம்பலில்லை, அது அழாமல் விட்ட அழுகை.

றொபேட் பட்லர் எண்ட அமெரிக்க மனநல வைத்தியர் 1963லயே ஒரு கட்டுரை எழுதினவர், வயசான ஆக்கள் பழசையே திரும்பத் திரும்பச் சொல்லுறது நோயில்லை, தங்கட வாழ்க்கையைத் தாங்களே ஒருக்கா எடுத்துப் பாத்து அடுக்கிற வேலை எண்டு. அப்ப சொல்ல விடோணும். பிள்ளையளுக்கு நான் சொல்லுறது, "உதைத்தானே நேற்றும் சொன்னனீங்கள்" எண்டு வாயை அடைக்காதேங்கோ.

எப்பிடிக் கேக்கிறது? வேற நாட்டில அல்பத்தை விரிச்சு வச்சு கேப்பினம். எங்கட ஆக்களில கனபேருக்கு அல்பமே இல்லை, கலியாணப் படம்கூட முள்ளிவாய்க்காலுக்கு இஞ்சால எங்கயோ ரோட்டில போட்டுது. அதால நான் இடத்தைக் கேட்டுத் தொடங்கிறனான். "உங்கட பழைய வளவில கிணறு எந்தப் பக்கம் இருந்தது, அதுக்குப் பக்கத்தில என்ன மரம்" எண்டு கேட்டுப் பாருங்கோ. மரத்தில இருந்து மாடு வரும், மாட்டில இருந்து மனிசர் வருவினம். போன ஆக்களின்ர பேரை அவையாச் சொல்லுமட்டும் நீங்கள் கேக்க வேண்டாம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் காணும், முடிக்கேக்க தேத்தண்ணியோட இண்டைய கதைக்கு வந்திடுங்கோ.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை, செத்தாக் காணும் எண்ட கதை அடிக்கடி வருது எண்டா அது வேற. அப்ப இந்த வழிகாட்டியை மூடி வச்சிட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அல்லது 1926க்கு அடியுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம், இரவிலயும் எடுக்கலாம்.

இன்னுமொண்டு. கிளிநொச்சியில 2017 பெப்ரவரி 20ல இருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட குந்தியிருந்த தாய்மாரை எல்லாருக்கும் தெரியும். விடை தெரியாமலே கண்ணை மூடினவையும் இருக்கினம். அவையளிட்டப் போய் "இதை விட்டிட்டு மனசுக்கு வேற ஏதும் செய்யுங்கோ" எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. விடிய எழும்பிப் போறதுக்கு அவையளுக்கு இருக்கிற காரணம் எங்கள் எல்லாரின்ரயையும் விடப் பெரிசு. ஏலுமெண்டா பக்கத்தில போய் இருங்கோ, தண்ணிப் போத்திலைக் கொண்டுபோய்க் குடுங்கோ.

உங்களுக்கு என்ன தெரியும் எண்டு ஒரு கொப்பியில எழுதுறது

"எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை" எண்டுதான் எல்லாரும் தொடங்குவினம். நம்பாதேங்கோ. எண்பது பக்கக் கொப்பி ஒண்டு, எழுத ஒரு பேரப்பிள்ளை, இவ்வளவும் காணும். எழுத வேண்டியது படிச்ச படிப்பை இல்லை, கை செய்த வேலையை. நாத்து எப்ப, எந்தக் குளத்தில எந்தத் துருசால (மதகால) தண்ணி விடுறது, எந்தப் புல்லு மாட்டுக்கு ஆகாது, பிள்ளைப்பெறுவீட்டில என்ன சமைக்கிறது, எந்தக் காத்துக்கு எந்த மீன் கரைக்கு வரும்.

இதின்ர பெறுமதி எனக்கு ரெண்டு தரம் கண்ணுக்கு முன்னால தெரிஞ்சது. 2018 மார்கழி 21, 22ல பெய்த மழைக்கு இரணைமடுக் குளத்தின்ர வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சி முல்லைத்தீவெல்லாம் வெள்ளம் நிண்டபோது, எங்கட ஒழுங்கையில ஒரு ஐயா, "தண்ணி இந்த மதகுக்கால வராது, பழைய வாய்க்கால் போன பள்ளத்தாலதான் வரும், ஆடுகளை மற்றப் பக்கம் கட்டுங்கோ" எண்டார். அந்தப் பழைய வாய்க்கால் இருந்த அடையாளமே பொடியளுக்குத் தெரியாது. அப்பிடியேதான் வந்தது. மற்றது 2021ல ரசாயன உரத்துக்குத் தடை போட்டபோது. யூரியா இல்லாமல் வயல் செய்து பாக்காத பொடியள் தலையில கை வச்சுக்கொண்டு நிண்டாங்கள், அப்ப பூவரசங் குழை, சீமைக்கிளுவைக் குழை வெட்டி எப்பத் தாக்கிறது, மாட்டெருவை எவ்வளவு நாள் ஆறவிடுறது எண்டு சொல்லத் தெரிஞ்சது எழுபது வயசுக்கு மேற்பட்ட ஆக்களுக்குத்தான். அதால விளைச்சல் குறையாமல் இருந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை, எல்லாருக்கும் குறைஞ்சதுதான். ஆனா அந்த நாலைஞ்சு மாசம் எங்கட ஊர்ப் பெரியாக்களின்ர முகம் மாறியிருந்தது. விடிய விடிய ஆரோ வந்து படலையில நிண்டு கூப்பிட்டபடி.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில படிக்கேக்க எரிக்சன் எண்ட உளவியலாளர் சொன்ன எட்டுக் கட்டத்தைச் சோதினைக்காகப் பாடமாக்கினனான். ஏழாவது கட்டம் அடுத்த தலைமுறைக்கு உருவாக்கிக் குடுக்கிறது, எட்டாவது தன்ர வாழ்க்கையை நிறைவாப் பாக்கிறதோ வெறுத்துப் போறதோ எண்டது. அப்ப வெறும் எழுத்து. இப்பத்தான் தெரியுது ஏழை விட்டிட்டு எட்டுக்குப் போகேலாது, குடுத்தாத்தான் நிறையும்.

கொப்பி நிறைஞ்ச பிறகு ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில "இது ஆருக்கு வேணும்" எண்டு எழுதுங்கோ. பன்னவேலை, அதுதான் ஓலை இழைக்கிற வேலை, தெரிஞ்சவை எண்டா, கடகமும் நீத்துப்பெட்டியும் இழைக்கத் தெரிஞ்ச கை ஊரில எத்தனை மிச்சம் எண்டு எண்ணிப் பாருங்கோ. பூநகரிப் பக்கம் மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பற்றிக் கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள், முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பாட்டு நெஞ்சில இருக்கிற அண்ணாவிமார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில விளக்கெரியிறதுக்கு முன்னம் பின்னம் என்னென்ன செய்யிறது எண்டு முறை தெரிஞ்ச ஆக்கள், இவையெல்லாம் போனா அந்த விஷயமும் கூடவே போகும். எனக்கு இதை எழுதேக்கயே பதைக்குது.

ஒண்டே ஒண்டு, ஒரே நாள்

இதிலதான் கனபேர் பிழை விடுறது. பத்து விஷயத்தைத் தொடங்கி ரெண்டாம் மாசம் எல்லாத்தையும் விடுறது. ஒண்டை எடுங்கோ.

நான் எடுத்தது வாசிப்பு. மூண்டாம் வகுப்பில நிண்டும் எழுத்துக்கூட்ட ஏலாத ஒரு பெட்டையைக் கோயிலடியில கண்டன், அம்மம்மாவோட வளருற பிள்ளை. செவ்வாய் பின்னேரம் மூண்டரை, எங்கட மாமரத்துக்குக் கீழ, பாயைப் போட்டு. முதல் கிழமை அவள் மட்டும். ரெண்டாம் கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாலாம் கிழமை எனக்குக் காய்ச்சல், படுத்திட்டன், மூண்டரைக்குப் படலை தட்டுப்படுது, பாத்தா அவள் கொப்பியோட நிக்கிறாள், "ரீச்சர் எழும்புங்கோ, நான் அந்தப் பாடம் முழுக்க வாசிச்சிட்டன்" எண்டு. நான் தேடினது அதுதான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. இப்ப ஒன்பது பிள்ளையள் வருதுகள். ஒன்பதுக்கு மேல நான் எடுக்கிறேல்லை.

தொடங்கிறவைக்கு நான் படிச்சுக்கொண்ட சில விஷயம். நாளையும் நேரத்தையும் மாத்தாதேங்கோ, "ஏலுமான நேரம் வாறன்" எண்டு சொன்னா உங்களுக்காக ஒருத்தரும் காத்திருக்காயினம். ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம், ஆசையில நீட்டி அடுத்த நாள் நாரிநோவோட படுக்கவேண்டி வரும். பிள்ளையளோட எண்டா நாலு பேர் பாக்கக்கூடிய திறந்த இடத்தில இருங்கோ, தாய் தகப்பனிட்டச் சொல்லிப்போட்டுத் தொடங்குங்கோ, பள்ளிக்கூடத்துக்குள்ள எண்டா அதிபரின்ர அனுமதியோட. அஞ்சு கிழமை செய்து பாருங்கோ, அஞ்சாம் கிழமையும் ஒருத்தரும் தேடேல்லை எண்டா அது உங்களில பிழையில்லை, கொப்பியைத் திறந்து அடுத்ததை எடுங்கோ.

காலத்தையும் பாருங்கோ. ஐப்பசி விதைப்பு, தை மாசி அரிவுவெட்டு, அந்த நேரம் ஊரில ஒரு குஞ்சும் வீட்டில நிக்காது. பெரியாக்களைக் கூட்டி ஏதும் செய்யிறதெண்டா பங்குனிக்குப் பிறகு தொடங்கிறது சுகம்.

சங்கம், பதவி, காசு

இதைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன். 2000ம் ஆண்டின் 9ம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி 60 வயசு தாண்டின ஆள் முதியோர். கிராம சேவையாளரையோ பிரதேச செயலகத்தில சமூக சேவை உத்தியோகத்தரையோ பிடிச்சு முதியோர் அடையாள அட்டையை எடுத்து வையுங்கோ, வரிசையில நிக்கேக்க உதவும். ஊரில முதியோர் சங்கம் இருந்தாப் போங்கோ. ஆனா போன முதல் நாளே தலைவர், செயலாளர் எண்டு ஒத்துக்கொள்ளாதேங்கோ. பதவி வேற, வேலை வேற. கூட்டம் கூடி, மாலை போட்டு, கணக்கில சண்டை பிடிச்சு, பிறகு முகம் பாக்காமல் திரியிற ஆக்களைக் கண்டிட்டன், அதில ஒரு சங்கத்தில நானும் இருந்து மனம் நொந்து வெளியில வந்தனான். சங்கத்தில இருந்தா ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கோ, வருத்தக்காரரைப் போய்ப் பாக்கிறது, வாசிகசாலையை ரெண்டு மணித்தியாலம் திறந்து வச்சிருக்கிறது மாதிரி.

காசு வாங்கிறது பிழையில்லை. பென்சன் இல்லாத ஆக்கள்தான் எங்களில கனபேர், ஒடியல், புழுக்கொடியல், பெட்டி, கடகம் செய்து சந்தைக்குக் குடுத்து மருந்துக்காசை உழைக்கிற ஆச்சிமார் என்னைவிட நிமிர்ந்துதான் நடக்கினம். ஒண்டு மட்டும், கடன் எடுத்துத் தொடங்காதேங்கோ, இந்த வயசில கிழமைக் கடன்காரன் படலைக்கு வாறது வேண்டாம்.

பிள்ளையள் "சும்மா இருங்கோ" எண்டா

பாசத்திலதான் சொல்லுதுகள். என்ர மகனும் சொன்னவன், "அம்மா நீங்கள் கஷ்டப்பட்டது காணும், இனி சும்மா இருங்கோ" எண்டு. நான் அவனுக்குச் சொன்னது, "தம்பி, சும்மா இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டம், ஒரு மாசம் என்னை விட்டுப் பார், சாப்பாடும் நித்திரையும் எப்பிடி எண்டு பிறகு நீயே சொல்லு" எண்டுதான். சண்டை பிடிக்காதேங்கோ, தவணை கேளுங்கோ.

பேரப்பிள்ளையளைப் பாக்கிறதைப் பற்றியும் சொல்லோணும். அது பெரிய சந்தோஷம், நான் மறுக்கேல்லை. ஆனா விடிய ஆறில இருந்து இரவு எட்டு மட்டும் ஒரு ஆச்சியிட்ட மூண்டு பிள்ளையை விட்டிட்டு "அம்மாவுக்குப் பொழுது போகும்" எண்டு சொல்லுறது சரியில்லை பிள்ளையள். கிழமையில ஒரு பின்னேரமாவது அவவுக்கெண்டு விடுங்கோ.

வெளிநாட்டில பிள்ளையள் இருக்க, பெரிய வீட்டுக்குக் காவலா இஞ்ச தனிய இருக்கிற அம்மா அப்பாவுக்கு: வீடியோ கோலில "சாப்பிட்டியளோ, சுகமோ" எண்டதோட வைக்காதேங்கோ. இஞ்ச காலமை ஏழு மணி எண்டா ரொறொன்ரோவில கோடைகாலத்தில முதல்நாள் இரவு ஒன்பதரை, பேரப்பிள்ளையள் படுக்கிற நேரம். கிழமைக்கு ஒரு கதை, ஒரே நேரத்துக்கு. நரிக்கதை சொல்லுங்கோ, பாலைப்பழம் பொறுக்கக் காட்டுக்குப் போய்க் கரடிக்கு ஓடின கதை சொல்லுங்கோ, பாதியில நிப்பாட்டி மிச்சம் வாற கிழமை எண்டுங்கோ. பிறகு பாருங்கோ ஆர் ஆருக்குக் கோல் எடுக்கிறதெண்டு.

உடம்பு விடேல்லை எண்டா

இதை வாசிச்சு "நான் எழும்பி நடக்கவே ஏலாது" எண்டு நினைக்கிற ஆக்களுக்குத்தான் இது. பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்த ஒரு ஐயா எங்கட ஊரில தாவாரத்தில கட்டிலோட. முந்திக் குளத்துத் தண்ணி விடுற கமிற்றியில இருந்தவர். அவற்ர மருமகள் நல்ல மூளைக்காரி, அடி முதல் வாய் மட்டும் ஒரே அகலமான போத்தில் ஒண்டை எடுத்து, பக்கத்தில அடிமட்டத்தை ஒட்டி, முத்தத்தில வெளியான இடத்தில கம்பில கட்டிவிட்டாள். மழை பெய்தா விடிய ஆறு மணிக்குப் பேரன் போய்ப் பாத்து எத்தனை மில்லிமீற்றர் எண்டு சொல்லுவான், ஐயா இடக்கையால கொப்பியில எழுதுவார். முதல் மாசம் அது அவருக்கு மட்டும்தான். பிறகு பக்கத்து வயல்காரப் பொடியள் மருந்தடிக்க முன்னம், உரம் போட முன்னம் படலையில நிண்டு கேக்கத் தொடங்கிட்டாங்கள், "ஐயா முந்தநாள் எவ்வளவு விழுந்தது" எண்டு. பேச்சு அவ்வளவு தெளிவில்லை, கொப்பியைத் திருப்பிக் காட்டுவார்.

போன கார்த்திகையில அவரை ஆஸ்பத்திரியில மூண்டு நாள் வச்சிருந்தவை. அங்க இருந்து மருமகளின்ர போனில எனக்கு ஒரு கோல், பின்னால ஐயாவின்ர குரல் ஏதோ சொல்லுது, அவள் விளங்கப்படுத்தினாள், "ரீச்சர், மூண்டு நாளும் மழை எவ்வளவெண்டு உங்கட செவ்வாய்க்கிழமைப் பிள்ளையளை விட்டுப் பாத்து எழுதிவைக்கட்டாம், பொடியள் வந்து கேப்பாங்களாம்." அந்த மூண்டு நாளும் விடிய ஆறு மணிக்கு ஒன்பது பிள்ளையளும் குடையோட அவற்ர முத்தத்தில நிண்டுதுகள், ஆர் வாசிக்கிறது எண்டு அடிபட்டுக்கொண்டு.